கையால் பேசினவர்

தகடு அடிக்கும் ஆலையின் இரைச்சலில் இருபத்தாறு வருஷம் எல்லாரும் கைஜாடையில்தான் பேசினார்கள். ஆலை மூடியதும், பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அதே கொட்டகையில் ஒரு கால் சென்டரைத் திறந்தது. பழைய ஃபிட்டருக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

முதல் அழைப்பில் ஓர் அம்மா, "கரண்ட் ரிப்பேருக்கு இன்னைக்கு ஆள் வருவாங்களா?" என்று கேட்டாள். ஃபிட்டர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

இவர் இன்னும் உயரத் தூக்கிக் காட்டினார்.

மூன்றாவது அழைப்பும் இப்படியே போனதும் சூப்பர்வைசர் பெண், "நாளைலேர்ந்து வர வேண்டாம் சார்" என்றாள்.

அதே ஆலையில் பேக்கிங்கில் இருந்த மனைவி வீட்டு வாசலிலேயே, "வேலை எப்படிங்க?" என்றாள். அவர் முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். மிஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

எத்தனை நாளைக்கு என்று அவளும் கையாலேயே கேட்டாள்.

அவர் தூக்கிய முஷ்டியை இறக்கவேயில்லை.