பதினாலு சீட்டு

கதவு நசுங்கியிருந்தது. ஒரு காலைப் படியிலும் மறு காலை முன்சக்கரத்தின் மேலும் ஊன்றிக்கொண்டு டாக்டர் இரண்டு கையாலும் இழுத்தான். மூன்றாவது இழுப்பில் தகரம் அலறிக்கொண்டு திறந்தது.

உள்ளே டிரைவர் மலை ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி, ஒன்றுமே நடக்காதவன் போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்கு இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. நெடுஞ்சாலையின் நடுவே இருந்த தடுப்புச்சுவரில் நாற்பது அடி தூரத்துக்கு உரசிக்கொண்டு போய் நின்றிருந்தது மலையின் லாரி. பின்னால் பத்து டன் காய்கறி. தார்ப்பாய்க் கிழிசல் வழியாகத் தக்காளி ஒவ்வொன்றாக ரோட்டில் குதித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே தன் லாரியில் வந்த டாக்டர் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். மலையின் வண்டி ஒதுங்கியது, சாய்ந்தது, மோதியது. அதன் பிரேக் விளக்கு மட்டும் கடைசி வரை எரியவே இல்லை.

"தூங்கிட்டியா?"

"இல்லடா. கண்ணு முழிச்சுத்தான் இருந்தேன். பிரேக்குன்னு நினைச்சுத்தான் மிதிச்சேன்."

அப்போதுதான் அந்த நாற்றம் டாக்டரின் மூக்கில் ஏறியது. கருகிய ரப்பர். அதற்கடியில் ரப்பர் அல்லாத வேறு ஏதோ ஒன்று. குனிந்து பார்த்தான். பெடலுக்குக் கீழே சூட்டைத் தடுக்கும் தகடு இற்றுப்போய் ஆறு மாதமாகிறது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் கம்பெனி மாற்றவில்லை. அந்த ஓட்டை வழியாக இன்ஜின் சூடு நேராக மலையின் வலது செருப்பில் ஏறி, செருப்பு இளகிப் பாதத்தோடு ஒட்டிப் போயிருந்தது.

"டேய், கால் எரியலையா உனக்கு?"

"எந்தக் கால்?" என்றான் மலை.

டாக்டர் அவனைத் தோளில் சாய்த்து வெளியே இறக்கினான்.

அவன் நிஜ டாக்டர் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இருபத்திரண்டு வருடமாகத் தூரத்து லாரி ஓட்டுகிறவன். பட்டம் கம்பெனியின் லாரி ஷெட் கொடுத்தது, அவன் சாப்பாட்டைப் பார்த்து. சர்க்கரை வியாதி அவன் அப்பாவை முதலில் விரலாகவும் பிறகு முழங்காலாகவும் தின்றுவிட்டு, கடைசியில் ஆளையே கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து அவன் கண்டதைத் தின்பதில்லை.

ஆனால் அந்தக் கம்பெனியில் கண்டதைத் தின்னாமல் இருப்பது சுலபமில்லை. வழிச் சாப்பாட்டுப் பணத்தைக் கையில் தரமாட்டார்கள். கூப்பன்தான். அந்தக் கூப்பனும் நெடுஞ்சாலையில் முதலாளியின் மச்சான் நடத்தும் ஓட்டலில் மட்டும்தான் செல்லும். அங்கே காலையில் மைதா, மதியம் மைதா, நடுவில் எண்ணெயில் முக்கியெடுத்த மைதா. டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் நிற்கும். 'பின்னாடி பத்து டன் காய்கறி, முன்னாடி ஒரு வெள்ளரிக்காய்க்கு வழியில்ல' என்று மலை அடிக்கடி சொல்லிச் சிரிப்பான்.

வேறு இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வண்டி நின்றால், அதிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவி ஆபீசில் மணி அடித்துவிடும். அடுப்பு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தால் ஒரு வாரம் வேலை கிடையாது. அதனால் டாக்டர் இன்ஜினையே அடுப்பாக்கிக்கொண்டான். மூடி போட்ட தூக்குச்சட்டியில் தண்ணீரும் முட்டையும் போட்டு, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவான். முட்டைக்கு நாற்பது கிலோமீட்டர், பயறுக்கு அறுபது. மேட்டுச் சாலையென்றால் பத்து குறையும். ஈரத்துணியில் கட்டிய பச்சைப்பயறு இருக்கைக்குப் பின்னால் தொங்கி, இரண்டாம் நாள் முளை விடும். ஓடு விரிசல் விட்ட முட்டை பாதி விலை, வளைந்த வெள்ளரி அதிலும் பாதி. சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய் அவன் மனைவி வாங்கி வருவாள். அப்படியும் அது சொந்தக் காசு. மற்ற டிரைவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள் இரண்டும் மூன்றும். சொந்தக் காசில் வழியில் சாப்பிட்டால் வீட்டில் ஒரு தட்டு குறையும்.

அதனால் அவர்கள் கூப்பனைத் தின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் உண்மையான டாக்டர், இளம்பெண், பேனாக் கட்டையால் மலையின் பாதத்தைக் கீறிப் பார்த்தார். மலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சர்க்கரையில் கால் மரத்துப்போய் ஒரு வருடமாவது இருக்கும், இரண்டு விரலை இந்த வாரமே எடுக்க வேண்டும், தள்ளிப் போட்டால் பாதமே போய்விடும் என்றார். கம்பெனி இன்சூரன்ஸ் கடிதம் வந்தால் உடனே தொடங்கலாமாம்.

கடிதம் கேட்கத்தான் அன்று மதியம் ஷெட்டிலிருந்த பதிமூன்று டிரைவர்களும் முதலாளியின் அறைக்குள் போனார்கள்.

மேசையில் ஒரு கண்ணாடி டப்பா. அதில் நறுக்கிய பழம். முதலாளி ஒரு துண்டை முள்கரண்டியால் குத்தி வாயில் போட்டுக்கொண்டு, சொல்லுங்கப்பா என்றார். கோபமே வராத மனிதர். அதுதான் அவரிடம் பயம்.

பேசியது வாத்தியார். அவரும் டிரைவர்தான், சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர் என்பதால் அந்தப் பெயர். மலையின் வைத்தியத்துக்குக் கடிதம், கூப்பனுக்குப் பதில் கையில் காசு, வழியில் நிறுத்திச் சமைத்துக்கொள்ள அரைமணி நேரம். மூன்றையும் மூச்சு விடாமல் சொன்னார்.

"கூப்பன்ல என்ன குறை? வயிறு நிறையுதா இல்லையா?"

"நிறையுதுங்க. மாட்டுக்கும்தான் நிறையுது. ஆனா மாட்டுக்குக்கூட ஒரு பிடி பச்சை போடுவாங்க."

முதலாளி சிரித்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஒரு நீலக் கோப்பை எடுத்து விரித்து வைத்தார்.

நாலு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை. வருடத்துக்கு ஒரு தடவை எல்லா டிரைவருக்கும் எடுப்பார்கள். சர்க்கரை இருநூறைத் தாண்டினால் தூரத்து வண்டி கிடையாது. ஷெட்டில் மூட்டை தூக்க வேண்டும், பாதிச் சம்பளம்.

முதலாளி நிதானமாக வாசித்தார். "தொண்ணூத்திரெண்டு. தொண்ணூத்திநாலு. தொண்ணூத்தொண்ணு. மலை, தொண்ணூத்திமூணு. பாருங்க, பச்சைக்குழந்தை ரத்தம் மாதிரி இருக்கு. நம்ம ஓட்டல் சாப்பாட்டால சர்க்கரை வருதுன்னா எல்லாருக்கும்ல வந்திருக்கணும்?"

முதலாளி கோப்பை மூடிவிட்டு இன்னொரு பழத்துண்டைக் குத்தி எடுத்தார்.

"மலைக்குச் சர்க்கரை இல்லன்னா, அவன் தூங்கித்தான் மோதியிருக்கான். இருந்துச்சுன்னா, எங்கிட்ட மறைச்சிருக்கான். ரெண்டுக்கும் இன்சூரன்ஸ் கிடையாது. வண்டிச் சேதமும் அவன் தலையிலதான். ரெண்டுல எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கப்பா."

அந்தக் கோப்பு பொய் என்பது அங்கே நின்ற பதிமூன்று பேருக்கும் தெரியும். டாக்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைமேலிருந்த பழத்தைப் பார்த்தபடி நின்றான். வெட்டக் கொண்டுபோகிற ஆடு தழையைப் பார்ப்பது போல.

வெளியே வந்து அவரவர் வண்டிக்குப் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனான். மலையின் மனைவி தண்ணீர் பிடிக்கப் போவது போல எழுந்து வெளியே போனாள். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"உண்மையைச் சொல்லிடறேன்டா" என்றான் டாக்டர்.

"வேண்டாம். போறது என் ஒரு கால். நீ வாயைத் திறந்தா பதிமூணு வீட்டு அடுப்பு அணையும். உன் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

நாலு மாதத்துக்கு முன் மலையின் பெயருக்கு நேரே உண்மை எண்ணை எழுதியிருந்தால், இன்று அவன் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான். அரை வயிறு, ஆனால் முழுக் கால். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்த காரியம் இப்படி வந்து நிற்கிறது. டாக்டர் கட்டுப் போட்ட காலைத் தொட்டான். தொட்டதே மலைக்குத் தெரியவில்லை.

வீட்டில் டாக்டரின் மனைவி பயறுச் சட்டியோடு நின்றாள். நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் சாதம் பிசையும்போது அவன் முகம் சுளித்ததைப் பார்த்து, விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, 'லாரி ஓட்டுறீங்களா, தையல் வேலைக்குப் போறீங்களா' என்று கேட்டவள். மரச்சிராய் குத்திவிட்டது என்று அன்று மழுப்பியிருந்தான். இன்று அவன் மழுப்பவில்லை. முழுவதையும் சொல்லி முடித்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் பயறு ஊற வைக்கவா, வேண்டாமா?" என்றாள்.

நாளைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்டாள். அவளாகவே இரண்டு பிடி அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

விடியும் முன்பே அவன் ஷெட்டுக்குப் புறப்பட்டான். மற்றவர்கள் பெயரை இழுக்காமல் தன் பங்கை மட்டும் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தான். அது நடக்காத காரியம் என்பதும் தெரிந்தே இருந்தது. ஒருவனுடைய எண் பொய்யென்றால் மற்றவர்களுடையதும் பொய்தான்.

ஷெட் வாசலில் சத்தமே இல்லை. அந்த நேரத்தில் பதிமூன்று இன்ஜின் உறும வேண்டும். வண்டிகள் சரக்கேற்றி, தார்ப்பாய் கட்டி, வரிசையாக நின்றன. டிரைவர்கள் பன்னிரண்டு பேரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். வாத்தியார் கையில் ஒரு பழைய கிரீஸ் டப்பா.

"சாவியைப் போடுப்பா" என்றார்.

"அண்ணே, நான் மட்டும் சொல்லிக்கிறேன். உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"நீ மட்டும் சொன்னா நீ திருடன். பன்னெண்டு பேரும் சேர்ந்து காட்டினா அது வியாதி. போடு."

நேற்று பொழுது சாய்ந்ததும் மலையின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கிளம்பி, பன்னிரண்டு வீட்டு வாசலும் ஏறி இறங்கியிருந்தாள். அழவில்லையாம். எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தைதான். 'அவர் கால் போனா போகட்டும். அடுத்த கால் யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க.' இப்போது ஷெட் கேட்டுக்கு வெளியே, தூக்கமில்லாத கண்ணோடு அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் சாவியை டப்பாவில் போட்டான்.

முதலாளியின் கார் வந்தபோது வெயில் தார்ப்பாய்களில் ஏறியிருந்தது. அவர் இறங்கி, நின்ற வண்டிகளைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அறைக்குள் போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

"அந்தச் சர்க்கரை மெஷினை எடுக்கச் சொல்லுங்க. இப்பவே, உங்க கண்ணு முன்னாடியே குத்துங்க" என்றார் வாத்தியார்.

மேனேஜர் அலமாரியிலிருந்து பரிசோதனை மெஷினை எடுத்தார். முதல் விரல் வாத்தியாருடையது. இருநூற்று அறுபத்தெட்டு. அடுத்தவனுக்கு முந்நூற்றுப் பதினொன்று. அதற்கடுத்து இருநூற்று நாற்பது. ஒவ்வொருவனும் தன் எண்ணைத் தானே சத்தமாக வாசித்துவிட்டு, சட்டைப் பைக்குள்ளோ உள்பனியனுக்குள்ளோ கைவிட்டு, இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். பன்னிரண்டு அட்டை. பலவும் ஒரே மாத்திரை.

"மெஷின் கோளாறு" என்றார் முதலாளி.

டாக்டர் விரலை நீட்டினான். தொண்ணூற்று மூன்று.

மெஷினில் கோளாறு இல்லை.

முதல் தடவையாக முதலாளியின் குரல் தடித்தது. "அப்ப எல்லாரும் தூரத்து வண்டிக்கு லாயக்கில்லாதவங்க. ஏமாத்தினதுக்குப் போலீஸுக்கும் போவேன். அத்தனை பேரையும் இப்பவே நிறுத்திடுவேன், தெரியுமா?"

"நிறுத்துங்க" என்றார் வாத்தியார். "சாவி இந்த டப்பாவுல இருக்கு. வெளியே பதிமூணு வண்டி, நூத்திமுப்பது டன் தக்காளி. வெயில் ஏறுது. எங்க கோரிக்கையும் அதே மூணுதான். மலைக்குக் கடிதம் முதல்ல."

ஒருவன்கூடச் சாவி டப்பாவின் பக்கம் கை நீட்டவில்லை.

முதலாளி போனை எடுத்தார், வைத்தார். நீலக் கோப்பைப் புரட்டினார். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றொன்று. ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்ற பதினாலு எண்கள். நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார். பரிசோதனை நாளன்று ரத்தம் எடுக்க வந்தவனோடு டீ குடிக்கப் போன மேனேஜர், மெஷினை டிரைவர்களின் ஓய்வறையில் வைத்து, நீங்களே குத்திச் சீட்டு எழுதிக் கொண்டாங்கப்பா, வண்டி கிளம்பணும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது தரையைப் பார்த்தார்.

"அப்ப இது யாரோட ரத்தம்?" என்றார் முதலாளி.

பன்னிரண்டு பேரும் ஓரடி நெருங்கி நின்றார்கள். டாக்டர் முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே காட்டிக் கோப்பின் மேல் விரித்து வைத்தான்.

"பத்து விரல், பதினாலு சீட்டு. நாலு விரல்ல ரெண்டு தடவை குத்தினோம். எல்லாம் என் ரத்தம்தாங்க."