ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை

ஸ்கேட்போர்டு உடைந்த பிறகு ஆன்ஸ்லினுக்கு மாலை நேரங்கள் நீண்டுபோயின. அம்மா இறந்தபின் அஞ்சுகிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, திருவட்டாறு பக்கம் ஒரு பிளைவுட் ஆலைக்கு வேலைக்கு வந்தவன். ஆலையில் இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. வாடகை வீட்டில் பேச ஆளில்லை. பேச்சிப்பாறைச் சாலையில் பலகைமேல் நின்று சறுக்கிப் போகும் கொஞ்ச நேரம்தான் தனிமை அவனுக்கு மறந்திருக்கும்.

புதுப் பலகையை அவனே செய்ய முனைந்தான். மெல்லியதாகச் சீவிய ரப்பர் மரத் தகடுகளை ஆலை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கினான். இன்னொரு முறை அவர் தரமாட்டார். தகடுகளுக்கிடையே பசை தடவி அடுக்கி, முனைகள் வளைந்த இரண்டு மர அச்சுகளுக்கு நடுவே வைத்து, இரும்புச் சட்டத்துக்குள் கார் ஜாக்கியால் நெருக்க வேண்டும். மழைக்காலத்தில் பசை இறுக இரண்டு நாளாகும். அதற்குள் அழுத்தம் விட்டால் மரம் நிமிர்ந்துகொள்ளும், தகடுகள் பிரிந்துவிடும்.

ஜாக்கி பக்கத்து வீட்டு ஜேசுதாஸுடையது. எதற்கென்று கேட்காமல் கொடுத்திருந்தார். சனிக்கிழமை மாலை அதைத் திருகி இறுக்கியபோது ஆன்ஸ்லின் ஒன்றை யோசிக்கவில்லை. அவருடைய கார் வாரம் முழுக்க ஷெட்டில் நிற்கும். ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போக மட்டுமே வெளியே வரும். டயரில் காற்று இறங்கியிருப்பது அப்போதுதான் தெரியும்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

"மக்கா, அந்த ஜாக்கிய இஞ்ச எடு. டயரு தரையோட ஒட்டிக் கெடக்கு. தங்கபாய்க்கு இன்னைக்கு வேதபாடம் வாசிக்கணும்."

முடியாது என்று சொல்ல நினைத்தான். கேள்வி கேட்காமல் தந்தவர் முன்னால் அந்தச் சொல் வரவில்லை.

"இந்தா தாரேன் அண்ணாச்சி."

உள்ளே போய் ஜாக்கியைத் தளர்த்தினான். அச்சுக்குள்ளிருந்து மரம் முனகியது. ஓரத்தில் பசை நூலாக இழுபட்டது. அவன் இரண்டு கைகளாலும் அச்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி தங்கபாய் வந்துவிட்டாள்.

"எந்தா மோனே செய்யிய?"

சொன்னான்.

"கைய எடுத்தா?"

"விரிஞ்சிரும்க்கா."

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா?" ஜாக்கியைத் தூக்கிக் கணவரிடம் கொடுத்துவிட்டு, ஆலயத்துக்கு உடுத்தியிருந்த பட்டுச் சேலையோடு அச்சின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். "நீ அந்தால இரி." அவன் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"நானும் இருக்கட்டா?" என்றார் ஜேசுதாஸ்.

"நீங்க இருந்தா பலகை பூமிக்குள்ள போவும். டயர மாத்துங்க."

அவர் போனார். தங்கபாய் பைபிளைத் திறந்து, அன்றைய பாடத்தை வாய்விட்டு வாசித்துப் பழகினாள். ஓரிடத்தில் தடுமாறி, "கண்ணாடிய மறந்துட்டேன், இந்த வார்த்தை என்னதுன்னு பாரு" என்றாள். அவன் எட்டிப் பார்த்துச் சொன்னான். அந்த வீட்டுக்கு அவன் வந்ததிலிருந்து வேறொருவர் குரல் அதற்குள் கேட்டதில்லை. டயர் மாற்றத் தாமதமாகட்டும் என்று நினைத்து, உடனே அதற்காக வெட்கப்பட்டான்.

ஜாக்கி திரும்பி வந்தது; ஆன்ஸ்லின் மறுபடி இறுக்கினான். அவர்கள் முதல் பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

திங்கள் மாலை அச்சைப் பிரித்தான். தங்கபாய் இருந்த பக்கம் ஒட்டியிருந்தது. அவன் இருந்த பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. பைபிளை எட்டிப் பார்த்தபோது எழும்பிவிட்டான் போலும். அந்த முனையை அறுத்துத் தள்ளிவிட்டு, பழைய சக்கரங்களைப் பூட்டினான். குட்டையான பலகை. ஆனால் ஆளைத் தாங்கியது.

கிளம்பும்போது தங்கபாய் வாசலில் நின்றாள்.

"தனியாட்டா போற?"

"ஆமாக்கா."

"எங்கயாவது விழுந்து கெடந்தா ஆருக்குத் தெரியும்? வந்ததும் ஒரு சத்தம் குடு."

சாலையில் வழக்கம்போல யாருமில்லை. இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டான். அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அக்கா, வந்துட்டேன்."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். பிறகு, "ஆ, செரி மோனே."

அவ்வளவுதான். ஆன்ஸ்லின் தன் வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டான்.