யாரைப் பார்த்துச் செய்கிறார்கள்?

யோகா டீச்சர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றுதான் கீழே பர்னிச்சர் கடையில் பேசிக்கொள்வார்கள். கடைக்கு மேல்மாடியில் அவள் வகுப்பு. முதுகு வளைந்தால் அதட்டல், பக்கத்துப் பாயோடு பேசினால் முறைப்பு. அப்பேர்ப்பட்டவள் இப்போது மல்லாந்து படுத்து, பாதங்களால் ஒரு தலையணையைப் பிடித்து அடுத்த ஆளின் பாதங்களுக்கு மாற்றிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள் என்றால், எல்லாம் தங்கச்சி கைங்கரியம்.

"உன் பாடத்தை யாரும் குறை சொல்லலக்கா. ஆனா போரடிக்குதுங்கறாங்க. நடுநடுவே விளையாட்டு ஏதாவது சேத்துக்கோ. இல்லேன்னா நாம ரெண்டு பேரும் இங்க ஈ ஓட்ட வேண்டியதுதான்."

டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது, சொன்னது தங்கச்சியாயிற்றே! புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து நின்றவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்து, மூச்சு விடுவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து, வகுப்பில் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டவள் டீச்சர்தான். 'நம்ம வகுப்பு' என்றுதான் சொல்வாள். 'என் வகுப்பு' என்று ஒரு நாளும் வாயில் வந்தது கிடையாது.

குளிக்கும்போதும் சமைக்கும்போதும் விளையாட்டாகவே யோசித்தாள். வட்டமாக நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, எல்லாரும் ஒற்றைக்காலில் மரம் மாதிரி நிற்பது. ஒருத்தர் ஆடினால் வட்டமே ஆடும். பாட்டு நின்றதும் இருந்த இருப்பிலேயே சிலையாகிவிடுவது. கூட்டம் சேர்ந்தது. டைலர் தன் மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்தார். 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பெரியம்மா, தலைகீழாகக் குனிந்தபடியே ஊர் வம்பு பேசினார். டீச்சர் அதட்டவில்லை.

எல்லாருக்கும் பிடித்தது தலைவர் ஆட்டம். ஒருவர் வெளியே போக வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ரகசியமாக ஒரு தலைவரை வைத்துக்கொள்வார்கள். தலைவர் ஆசனத்தை மாற்றினால் எல்லாரும் மாற்ற வேண்டும், ஆனால் அவரைப் பார்ப்பது தெரியக் கூடாது. வெளியே போனவர் திரும்பி வந்து தலைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் டீச்சர் தோற்றதே இல்லை. கூட்டம் யாரைப் பார்க்காமல் தவிர்க்கிறதோ, அந்த ஆள்தான் தலைவர். இதுகூடத் தெரியாமல் என்ன டீச்சர்!

அன்று காலை அவள் முறை. மாடிப்படியில் வார்னிஷ் வாசனையோடு நின்றாள். உள்ளே ஒரே குசுகுசு. ஒரு தலைவரைப் பிடிக்க இவ்வளவு நேரமா என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். கைகள் உயர்ந்தன, இடுப்புகள் திரும்பின. பல் டாக்டர் தன் கட்டை விரலையே பார்த்தார். டைலரின் மாமியார் விட்டத்தைப் பார்த்தார். யார் கண்ணாவது தங்கச்சி பக்கம் போனால், சூடு பட்டதுபோல் விலகியது. இதற்குமேல் என்ன வேண்டும்?

"மாட்டினியா!" தங்கச்சியின் தோளைப் பிடித்தாள். "என்கிட்டயே மறைக்கிறியா? எல்லார் மூஞ்சியும் காட்டிக்குடுக்குதுடி, நீதான்னு!"

யாரும் கைதட்டவில்லை. தங்கச்சி வெளிறிப்போனாள்.

"அப்பாடா, தெரிஞ்சுபோச்சா டீச்சர்?" என்றார் ரேடியோ. "எத்தனை நாளைக்கு மூடி வைக்க முடியும்னு நான் அப்பவே கேட்டேன். தனியா வகுப்பு நடத்தப் புது ஹால் பாத்ததையும், நாங்க எல்லாரும் அங்க வரோம்னு சொன்னதையும் உங்க தங்கச்சியே சொல்லட்டும்னுதான் வாயைக் கட்டிட்டு இருந்தோம்."

டைலர் மெதுவாக, "பெரியம்மா, இந்த ஆட்டத்துல தலைவர் நான்" என்றார்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எல்லாருமா?" என்று கேட்டாள். ஒருத்தரும் நிமிரவில்லை.

"நானே சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். சொன்னா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருப்பேன்டி பாவி! நானே வந்து உன் ஹாலைப் பெருக்கித் துடைச்சுக் குடுத்திருப்பேன். நீ கேட்டு எதை நான் இல்லேன்னேன்?"

ஆள்கள் போனால் போகட்டும், வேறு ஆள் வரும். ஒருத்தியைப் பார்க்காத மாதிரியே அவள் பின்னால் போவது எப்படி என்று, இத்தனை பேருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது தானேதான் என்பதை நினைக்க நினைக்க ஆறவில்லை. தன்னைப்போல் ஒரு மடச்சி உண்டா?

தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"படுங்க எல்லாரும்" என்றாள் டீச்சர். பழைய அதட்டல் குரல். "சவாசனம். கண்ணை மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது."

மறுபேச்சில்லாமல் படுத்தார்கள். முதல் பாயில் தங்கச்சியும் படுத்தாள்.

டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்கத்தான் செய்தது. ரேடியோகூட மூச்சுக் காட்டவில்லை. கண்ணைத் திறங்கள் என்று சொன்னால் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, அவள் தங்கச்சியோடு போய்விடுவார்கள். அவள் சொல்லவே இல்லை.