விருப்பப் பாடம்

அடுத்த செமஸ்டருக்கான விருப்பப் பாடத்தைக் காலை ஏழு மணியிலிருந்து செல்போனில் தேர்ந்தெடுக்கலாம் என்று கல்லூரியில் அறிவித்திருந்தார்கள். கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் சுபிதாவின் வீட்டுப் பக்கம் டவர் கிடையாது. அவள் ஏறிய முதல் பஸ் மலையிறங்கி, போனில் சிக்னல் வந்தபோது, ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் பாடம் நிரம்பிவிட்டிருந்தது. மிச்சம் கிடந்தது ஊரக வாழ்வியல் ஒன்றுதான்.

நேராகத் துறைத்தலைவர் சிவபிரசாத் முன்னால் போய் நின்றாள்.

"நேத்தே பேப்பர்ல எழுதித் தாறேன்னு சொன்னேன் சார். நீங்க வாங்கல்ல."

"பேப்பர் எல்லாம் இப்ப செல்லாது மக்கா. முந்திப் போட்டவங்களுக்கு சீட்டு. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "ஊரக வாழ்வியலுக்கு என்ன குறைச்சல்? பீல்டு விசிட்டு உண்டு. உங்க கீரிப்பாறைக்குத்தான் கூட்டிட்டுப் போறோம்."

சுபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் பஸ்ஸில் நசுங்கி அவள் இறங்கி வருகிற ஊரை வேடிக்கை பார்க்கப் போகிறார்களாம். அந்தக் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாம்.

"அங்க வந்து அட்டெண்டன்ஸ் எப்பிடி சார் போடுவிய? அதுவும் போன்லதானே?"

"அங்கதான் டவர் கிடையாதுல்லா. பேப்பர்ல எழுதிக்கிடலாம்," என்றார் சர்வ சாதாரணமாக.

வராந்தாவில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அவள் கேட்டாள்.

"ஒருநாள் வந்து பாத்துட்டுப் போற உங்களுக்குப் பேப்பர் செல்லும். அங்கயே கெடந்து வாழுற எனக்குச் செல்லாதா சார்?"