மேற்குப் பார்த்த பெட்டி

கறுப்பு உடைக்கு மேல் அப்பாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாக மார்லா வீட்டுக்குப் பின்னால் ஈரப்புல்லில் இறங்கினாள். பதினோரு மணிக்கு தேவாலயத்தில் அப்பாவின் அடக்க ஆராதனை. அதற்குள் குருவி கூடு கட்டும் பெட்டியை வேறு பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட வேண்டும். அவருக்குக் கொடுத்த வாக்கில் அது ஒன்றுதான் பாக்கி.

மூன்று வாரங்களுக்கு முன், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, அப்பா ஹார்லனின் கட்டிலை வீட்டில் பின்ஜன்னல் ஓரமாகப் போட்டார்கள். நீலக்குருவி பார்க்க வேண்டும் என்றார். பெட்டியை நிறுத்த மார்லா கொட்டகையிலிருந்து ஒரு மரக்கம்பத்தை இழுத்து வந்தாள்.

"அதையா நடப் போற? பாம்புக்கு ஏணி வச்சுக் குடுக்குறியாக்கும்."

நாற்பது வருஷம் ஓஹையோவின் கிராமச் சாலைகளில் அறிவிப்புப் பலகை நட்டவர். கம்பம் என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அவர் சொன்னபடியே முறுக்குக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, அதன்மேல் வழுவழுப்பான இரும்புக் குழாயைச் செருகினாள். முட்டை தின்ன வரும் பாம்பும் ரக்கூனும் ஏறாதபடி நடுவில் அகலமான தகரக் குழல், உச்சியில் பெட்டி. வாசலை மட்டும் ஜன்னலைப் பார்க்க வைத்தாள். இத்தனை பாடும் அதற்குத்தானே.

"மேற்கப் பாத்து வச்சிருக்க. சாரல் உள்ள அடிக்கும். திருப்பு."

"திருப்புனா உங்களுக்குப் பெட்டியோட முதுகுதான் தெரியும்."

"நானா அதுல குடியிருக்கப் போறேன்?"

"அப்புறம் திருப்புறேம்ப்பா."

அப்புறம் என்றால் எப்போது என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முட்டை வச்சிட்டா தொடக் கூடாது. வாசல் மாறிட்டா தாய் வராம போயிடும்."

பிறகு அவர் திருப்பச் சொல்லவேயில்லை. பெண்குருவி புல் கொண்டுவருவதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மார்லா அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், நாக்கடியில் மருந்துச் சொட்டு விடுவதும், நாற்காலியில் தூங்கிப்போவதுமாக நாட்கள் போயின. புதன்கிழமை காலையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இன்று சனி. திருகில் ஸ்பேனரை வைக்குமுன் பெட்டியின் பக்கப்பலகையைத் திறந்து பார்த்தாள். வெளிறிய நீலத்தில் ஐந்து முட்டைகள். நாளுக்கு ஒன்று என்றால் முதல் முட்டை அவர் இருக்கும்போதே வந்துவிட்டது. அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மேற்கிலிருந்து மழை பிடித்தது. வேலிக் கம்பியில் பெண்குருவி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, கார் ரெடி," என்று தம்பி டுவேன் வந்தான். கையில் ஆராதனைக்கென்று வாங்கிய கறுப்புக் குடை.

மார்லா அதை வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த முறுக்குக் கம்பியைப் பெட்டிக்கு மேற்கே நாலடி தள்ளி அடித்தாள். குடையை விரித்து மழைப்பக்கம் சாய்த்து, கம்பியோடு சேர்த்து இறுகக் கட்டினாள்.

"கம்பி கோணலா நிக்குது," என்றான் டுவேன். "அவரு பாத்தா திட்டுவாரு."

நல்ல செருப்போடு சேற்றில் மண்டியிட்டு அவள் கம்பியை நிமிர்த்தினாள். இருவரும் விலகி நின்றார்கள். குருவி குடையை இரண்டு முறை சுற்றிவிட்டுப் பெட்டிக்குள் போனது.

தேவாலய வாசலில் யாரோ அவள் தலைக்குக் குடை பிடிக்க வந்தார்கள். வேண்டாம் என்றாள். படியில் நின்று, மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டாள்.