தோட்டில் நீலம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கிரேக்கப் பெண்ணின் தோட்டில் நீலம் ஏறத் தொடங்கியது. வழக்கமாகப் பத்து மணிக்கே ஏறிவிடும்.

சகாயமேரி கம்பி நாரைக் கையில் எடுத்தாள். அருங்காட்சியகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பளிங்குச் சிலை. நிறம் வந்தால் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். பிறகு, 'நிறம் எதுவும் காணப்படவில்லை' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷமாகப் போட்டுவந்தாள்.

இன்று நாரைக் கீழே வைத்துவிட்டாள். நீலம் அந்தப் பெண்ணுக்கு எடுப்பாக இருந்தது.

அலுவலகத்துக்குப் போகும் நடைக்கூடம் நேற்று நாற்பது அடி நீளம். இன்று அது நீண்டுகொண்டே போனது; பாதி வழியிலேயே பசித்தது. உட்கார்ந்து சாப்பாட்டை முடித்தாள். வெற்றிலை போட்டுக்கொண்டு மீதி தூரத்தை நடந்தாள்.

கண்காணிப்பாளர் தணிகாசலம் படிவத்தை நீட்டினார்.

"போடு கையெழுத்தை."

"மாட்டேன் சார். தோட்டுல நீலம் இருக்கு. உடுப்போட ஓரத்துல பச்சைக் கரை இருக்கு."

"கிரேக்கர்களுக்கு வெள்ளைதான் பிடிக்கும்."

"யார் சொன்னா?"

"யாராவது வந்து சொல்லணுமா? சிலையெல்லாம் வெள்ளையாத்தானே நிக்குது?"

"தேய்ச்சது நான்தானே சார்."

தணிகாசலம் முத்திரையை எடுத்துப் படிவத்தில் குத்தினார். சகாயமேரியின் புடவை வெளுத்தது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த மாம்பழ மஞ்சள்.

"என் வீட்டுக்காரர் உயிரோட இருக்கார் சார்."

"அது வேற பிரிவு. போடுறியா?"

"மாட்டேன்."

இரண்டாவது குத்தில் தலைமுடி வெளுத்தது. மூன்றாவதில் கைகள் முழங்கைவரை வெளுத்தன. தட்டிப் பார்த்தாள். கல் சத்தம் கேட்டது.

"அடுத்தது கண்ணு," என்றார். "கருவிழி போயிடும். அப்புறம் நீ எந்த நிறத்தையும் பாக்கப்போறதில்ல. படிவமும் உண்மையாயிடும். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"நான் பாத்தது பாத்ததுதான் சார்."

நான்காவது குத்து விழவில்லை. முத்திரையில் மை காய்ந்திருந்தது. மை வாங்கிவர அவர் பக்கத்து அறைக்குப் போனார்.

சகாயமேரி வெளியே வந்தாள். நடைக்கூடம் இப்போது மூன்றே அடி.

கிரேக்கப் பெண் சற்றுக் குனிந்து நின்றிருந்தாள். உயரம் தோதாக இருந்தது. சகாயமேரி கட்டைவிரலை வாய்க்குள் விட்டு எடுத்தாள். வெற்றிலைச் சிவப்பை முத்திரை எட்டியிருக்கவில்லை. சிலையின் மேலுதட்டில் ஒரு தீற்று. கீழுதட்டில் ஒரு தீற்று. பளிங்கு ஒரு சொட்டுகூட வழியவிடாமல் குடித்துக்கொண்டது.

அலுவலகக் கதவு திறந்தது.

"சகாயம்! எங்க போன? மை வந்தாச்சு!"

அவள் திரும்பவில்லை. சிலையின் கண்கள் வெறும் கல்லாக இருந்தன. தன் வலது கண்ணில் விரலை வைத்தாள். வலிக்கவில்லை. விரல் நுனியில் கருவிழியின் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் கூடம் மங்கியது. இடது கண்ணால் சிலையைப் பார்த்தாள்.

நடைக்கூடத்தில் அவருடைய முதல் காலடிச் சத்தம் கேட்டது.

"அந்தாளுக்கு இதைக் கொடுக்கிறதா இல்ல," என்றாள் சிலையிடம். "என்கிட்ட கறுப்புதான் இருக்கு. உனக்குப் பரவாயில்லையா?"