நாளைக்கு வந்துவிடும் மருந்து

பல்லடத்தில் கோழிமருந்துக் கடை வைத்திருந்தாள் லோகப்பிரியா. போன கோடையில் தடுப்பு மருந்து விற்காமல் தேங்கி, தேதி முடிந்து, பெட்டி பெட்டியாக வீணாய்ப் போனது. இனிமேல் நிறைய வாங்கி வைக்க வேண்டாம், யாராவது கேட்டால் கோவையிலிருந்து அன்றன்றைக்கு வரவழைத்துக்கொள்ளலாம் என்றான் அவள் கணவன் கிருபாசங்கர். அவளுக்கும் அது சரியாகவே பட்டது. சில மாதங்கள் ஒரு குறையுமில்லாமல் ஓடின. ஃபிரிட்ஜ் பாதி காலியாகவே கிடந்ததால், கரண்ட் போனால்கூட அவள் பதறவில்லை.

ஐப்பசி மழையோடு, கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் வந்தது. சூலூர்ப் பக்கம் பரவிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அங்கப்பன் கடைக்கு வந்தார். நாட்டுக்கோழிப் பண்ணைக்காரர், கடை திறந்ததிலிருந்து வேறெங்கும் மருந்து வாங்காதவர். அவர் கோழிகளுக்கு அடுத்த மருந்து கொடுக்க இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் உடனே கொடுத்துவிட நினைத்தார். நாளைக்கு வந்துவிடும் என்றாள் லோகப்பிரியா. அவர் நம்பித் திரும்பிப் போனார்.

கோவையில் மொத்தக் கடைக்காரரிடம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தார்கள். ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் போன் போட்டாள். அங்கும் அதே பதில்தான். அங்கப்பன் தினமும் கூப்பிட்டார். அவள் தினமும் நாளைக்கு என்றே சொன்னாள். ஒருநாள் அவரிடமிருந்து போன் வரவில்லை.

மருந்து வந்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து அவளே ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு ஓடினாள். கொட்டகையில் சத்தமே இல்லை. பின்பக்கம் புதிதாக மூடிய குழியின் மேல் அங்கப்பன் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி காளியாத்தாள் தண்ணீர்க் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் கொஞ்சமாச்சும் வாங்கி வெச்சிருந்திருக்கோணுங்ணா," என்றாள் லோகப்பிரியா.

"வெச்சுக் கெட்டுப்போனா உங்களுக்குத்தான நட்டம். அத நான் தப்பு சொல்லலீங்க அம்மணி." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இல்லீன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நல்லா இருக்கறப்பவே கறிக்கடைக்குக் குடுத்துப்போட்டிருப்பனுங்க."

அவர் குரலில் கோபமில்லை. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

அதற்கப்புறம், நோய் வரும் பருவத்துக்கு முன்பே அவள் மருந்து வாங்கி வைக்கிறாள். கொஞ்சம் வீணாகத்தான் செய்கிறது.

அங்கப்பன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார். பஸ் ஸ்டாப் கடைக்கு எதிரில்தான். அவளைப் பார்த்தால், "சௌக்கியமுங்களா," என்று கேட்பார். கடைக்குள் வர அவருக்கு வேலை எதுவும் இல்லை.